அப்பாவுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, நுரையீரல் சி.டி. எடுக்கலாமா?

ஒரு மகள் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 61 வயது. முப்பத்தைந்து வருஷம் தினமும் ஒரு கட்டு பீடி பிடித்தவர், ஆறு வருஷத்துக்கு முன் அடியோடு விட்டுவிட்டார். இருமல் இல்லை, இளைப்பு இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார். அமெரிக்காவில் இருக்கும் அத்தை, "இங்கே இந்த வயசுக்காரங்களுக்கு வருஷா வருஷம் நுரையீரல் சி.டி. எடுக்கிறாங்க, அண்ணனுக்கும் எடுத்துடு" என்கிறாராம். உள்ளூர் லேப் ஒன்று எக்ஸ்-ரேயும் 'டியூமர் மார்க்கர்' ரத்தப் பரிசோதனையும் சேர்த்து ஒரு பேக்கேஜ் தருகிறதாம். எதைச் செய்வது?

எக்ஸ்-ரேயா சி.டி.யா என்று கேட்பது போல இருந்தாலும், இதற்குள் இருக்கும் கேள்வி வேறு. நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் ஒரு மனிதருக்குள் புகுந்து நோயைத் தேடினால் அவருக்கு நன்மையா, வீண் வம்பா? நான் இருபது வருஷத்துக்கு மேலாக ரேடியாலஜிஸ்டாக இருக்கிறேன். பார்ப்பதில் பாதிக்கு மேல் நெஞ்சு ஸ்கேன்கள்தான். உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை, அவருடைய மற்ற வியாதிகள் எனக்குத் தெரியாது. அதனால் கீழே சொல்வதை மருந்துச்சீட்டாக எடுத்துக்கொள்ளாமல், டாக்டரிடம் போகும்முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த பேக்கேஜைத் தள்ளிவிடலாம். எக்ஸ்-ரே எடுத்து நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்கும் முயற்சி 1970-களிலேயே நடந்து தோற்றுவிட்டது. சந்தேகம் தீரட்டும் என்று அமெரிக்காவில் 1,54,901 பேரை வைத்து மறுபடியும் பார்த்தார்கள். ஒரு பாதிக்கு ஆண்டுதோறும் நெஞ்சு எக்ஸ்-ரே, மறுபாதிக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். முடிவு 2011-ல் வந்தது: இரண்டு பக்கமும் நுரையீரல் புற்றுநோய் மரணங்களில் வித்தியாசம் இல்லை. காரணம் புரிந்துகொள்ள எளிது. எக்ஸ்-ரேயில் நெஞ்சுக்கூடு முழுவதும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது. ஒரு சென்டிமீட்டர் கட்டி இதயத்தின் நிழலுக்குப் பின்னாலோ காறை எலும்புக்குக் கீழேயோ உட்கார்ந்திருந்தால் எப்பேர்ப்பட்ட கண்ணுக்கும் தப்பிவிடும். டியூமர் மார்க்கர் ரத்தப் பரிசோதனையோ (சில புற்றுநோய்களில் ரத்தத்தில் ஏறும் பொருள்களை அளப்பது), தொந்தரவு இல்லாதவரிடம் நுரையீரல் புற்றுநோயைத் தேடுவதற்கான கருவியே அல்ல. அது சும்மா ஏறியிருந்தால் வீட்டில் தூக்கம் போகும். ஏறாமல் இருந்தாலும் 'ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிட முடியாது.

அத்தை சொன்னது வேறு சங்கதி, அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கிறது. அமெரிக்காவில் அந்த வயதுக்காரர்கள் எல்லோருக்கும் எடுப்பதில்லை. அதிகம் புகைத்தவர்களுக்கு மட்டும்தான். 2002 முதல் 2004 வரை அங்கே 53,454 பேரைச் சேர்த்தார்கள். எல்லோரும் 55 முதல் 74 வயதுக்காரர்கள், கடுமையாகப் புகைத்தவர்கள். பாதிப் பேருக்கு ஆண்டுக்கொரு முறை என்று மூன்று தடவை குறைந்த கதிர்வீச்சு சி.டி., மீதிப் பேருக்கு எக்ஸ்-ரே. சி.டி. பக்கம் நுரையீரல் புற்றுநோயால் 356 பேர் இறந்தார்கள், எக்ஸ்-ரே பக்கம் 443 பேர். ஏறத்தாழ இருபது சதவீதம் குறைவு. பலன் தெளிவாகத் தெரிந்ததால் 2010 நவம்பரிலேயே ஆய்வை நிறுத்தி அறிவித்துவிட்டார்கள். 2020-ல் நெதர்லாந்து, பெல்ஜியம் ஆய்வின் முடிவு வந்தது. அதில் ஆண்கள் 13,195 பேர், பத்து ஆண்டுக் கணக்கில் 24 சதவீதம் குறைவு. டென்மார்க்கில் நடந்ததைப் போன்ற சிறிய ஆய்வுகள் சிலவற்றில் பலன் தெரியவில்லை. நாலாயிரம் பேரை வைத்து இப்படிப்பட்ட வித்தியாசத்தைப் பிடிப்பது கடினம். இரண்டு பெரிய ஆய்வுகளும் ஒரே பக்கம் சாய்வதால், 'அதிகம் புகைத்தவர்களுக்கு இந்த ஸ்கேன் உயிரைக் காப்பாற்றும்' என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதில் மரணத்தை மட்டும் எண்ணியதற்குக் காரணம் உண்டு. விளம்பரங்களில் 'ஆரம்பத்தில் கண்டுபிடித்தவர்களில் இத்தனை பேர் ஐந்து வருஷம் உயிரோடு இருக்கிறார்கள்' என்றுதான் வரும். அதை நம்பிவிடாதீர்கள். சென்னையிலிருந்து மதுரைக்கு வரும் ரயிலை சோழவந்தானில் நின்று பார்த்தாலும் திண்டுக்கல்லில் நின்று பார்த்தாலும் அது மதுரைக்கு வந்துசேரும் நேரம் ஒன்றுதான். திண்டுக்கல்லில் பார்த்தவர் 'நான் ரொம்ப நேரமாக இந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். நோயை முன்னதாகப் பார்த்துவிட்டாலே 'பார்த்த நாளிலிருந்து இத்தனை வருஷம்' என்ற கணக்கு தானாக நீளும், ஆயுள் ஒரு நாள் கூடாவிட்டாலும். வண்டி உண்மையிலேயே நின்றதா என்று அறிய வேண்டுமானால் இரண்டு கூட்டத்திலும் எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணியே ஆகவேண்டும். அந்தப் பரீட்சையில்தான் சி.டி. தேறியது, எக்ஸ்-ரே தேறவில்லை.

இருபது சதவீதம் என்றதும் பெரிதாகத் தோன்றும். அதையே இன்னொரு விதமாகச் சொல்கிறேன். அந்த அமெரிக்க ஆய்வின் கணக்குப்படி 320 பேருக்கு ஸ்கேன் எடுத்தால் ஒருவர் நுரையீரல் புற்றுநோயால் இறப்பது தடுக்கப்படுகிறது. மற்ற 319 பேருக்கும் அந்தப் பலன் இல்லை. அவர்களில் நிறையப் பேருக்கு நடுவில் வேறொன்று நடக்கிறது, எனக்கு அன்றாடம் வேலை வைப்பதும் அதுதான். ஸ்கேனில் ஒரு சின்னப் புள்ளி தெரியும். நாட்யூல் என்று ரிப்போர்ட்டில் எழுதுவோம். அந்த ஆய்வின் மூன்று சுற்றுகளில் சி.டி. எடுத்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு ஒரு தடவையாவது 'சந்தேகம்' என்று வந்தது. அப்படி வந்த முடிவுகளில் 96 சதவீதம் புற்றுநோயே அல்ல. அப்போது நாலு மில்லிமீட்டரைத் தாண்டிய எல்லாவற்றையும் சந்தேகப் பட்டியலில் போட்டார்கள். இப்போது முதல் ஸ்கேனில் ஆறு மில்லிமீட்டருக்குக் குறைந்த திடமான புள்ளியைக் கண்டால் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று அனுப்பிவிடுகிறோம். ஆறிலிருந்து எட்டுக்குள் என்றால் ஆறு மாதம் கழித்து, எட்டிலிருந்து பதினைந்துக்குள் என்றால் மூன்று மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன். லங்-ராட்ஸ் என்ற அமெரிக்க வரிசைமுறை இப்படித்தான் போகிறது. இதனால் பொய் எச்சரிக்கைகள் நன்றாகக் குறைந்துவிட்டன.

நெதர்லாந்துக்காரர்கள் இன்னும் சாமர்த்தியமாகச் செய்தார்கள். புள்ளியின் அகலத்தை விட்டுவிட்டு கம்ப்யூட்டரில் கன அளவை அளந்தார்கள், அது இரட்டிப்பாக எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு சொல்லும். ஆறு மில்லிமீட்டர் உருண்டை ஒன்று கன அளவில் இரட்டிப்பானால் அதன் அகலம் ஏழரை மில்லிமீட்டர்தான் ஆகும். கண்ணால் ஸ்கேல் வைத்து அளக்கிறவருக்கு அந்த ஒன்றரை மில்லிமீட்டர் கைநடுக்கத்திலேயே போய்விடும். இவர்கள் முறையில் எடுத்த ஸ்கேன்களில் சுமார் இரண்டு சதவீதம்தான் மேல்பரிசோதனைக்குப் போயின, அப்படிப் போனதில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் உண்மையிலேயே புற்றுநோய். ஆக, ஸ்கேன் மெஷினை விடப் புள்ளியைக் கண்ட பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மெஷின் இன்று நம்மூர் தாலுகா ஊர்களில்கூட வந்துவிட்டது.

இதுவரை சொன்னது உறுதியான பகுதி. இனி உங்கள் அப்பாவுக்கு இதைப் பொருத்தும்போது தரை கொஞ்சம் வழுக்குகிறது.

அமெரிக்காவில் 2021 முதல் உள்ள விதி இது: 50 முதல் 80 வயது, குறைந்தது 20 'பேக்-இயர்', இன்னும் புகைக்கிறவர் அல்லது விட்டுப் பதினைந்து வருஷத்துக்குள் ஆனவர். பேக்-இயர் என்றால் தினம் ஒரு பாக்கெட், அதாவது 20 சிகரெட், ஒரு வருஷம் பிடித்த கணக்கு. ஒரு கட்டு பீடியை 20 சிகரெட்டாக வைத்தால் அப்பாவுக்கு 35 வருகிறது, தாராளமாகத் தகுதி. ஆனால் பீடியில் புகையிலை குறைவு என்று இரண்டு பீடிக்கு ஒரு சிகரெட் என வைத்தால் பதினேழரை, கோட்டுக்குக் கீழே. எது சரி? ஒத்துக்கொள்ளப்பட்ட கணக்கு எதுவும் கிடையாது. இரண்டு பெரிய ஆய்வுகளும் நடந்தது சிகரெட் ஊர்களில். பீடி இலை சீக்கிரம் அணையும் என்பதால் அடிக்கடி, ஆழமாக இழுக்கவேண்டும். அதனால் 'பீடி சாதுவானது' என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. நம் நாட்டு நுரையீரல் டாக்டர்கள் தினம் எத்தனை பீடி என்பதை வருஷத்தால் அப்படியே பெருக்கிப் பார்ப்பார்கள். அப்பாவுக்கு 20 பெருக்கல் 35, எழுநூறு. முந்நூறுக்கு மேல் போனாலே கடுமையாகப் புகைத்தவர் என்று எழுதுவோம். என் கணக்கில் அவர் அபாயம் அதிகமுள்ளவர்தான்.

அடுத்தது டி.பி. உலகத்து டி.பி. நோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியர். நம்மில் நிறையப் பேருடைய நுரையீரலில், குறிப்பாக மேல்பகுதியில், எப்போதோ வந்து ஆறிய டி.பி.யின் தழும்பு இருக்கும். அதில் சுண்ணாம்பு படிந்திருந்தால் பிரச்சினை இல்லை, பார்த்ததும் விட்டுவிடுவோம். படியாத தழும்பு பார்வைக்குச் சின்னப் புற்றுநோய் மாதிரியே இருக்கும். மும்முரமாக வேலை செய்யும் திசுவை ஒளிரவைத்துக் காட்டும் பெட் ஸ்கேனிலும் டி.பி. பளிச்சென்று ஒளிரும், அதனால் அந்த விலை உயர்ந்த ஸ்கேனும் இங்கே சில சமயம் கையை விரித்துவிடும். அமெரிக்காவிலும் ஓஹையோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு பூஞ்சைத் தொற்று இதே தலைவலியைத் தருகிறது என்பதால் இது நமக்கு மட்டும் வந்த சோதனை என்று சொல்ல முடியாது. ஆனால் நம்மூரில் அளவு வேறு. இந்தியாவில் இவ்வளவு பெரிய ஆய்வு நடக்கவில்லை. எனவே அந்த 320-க்கு ஒன்று என்ற கணக்கை அப்படியே மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் தூக்கிவர மாட்டேன். அரசு இங்கே நடத்தும் புற்றுநோய் முன்பரிசோதனையில் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றுதான் இருக்கின்றன, நுரையீரல் இல்லை.

டி.பி. இரண்டு பக்கமும் வெட்டும். ஓய்வுபெற்ற ஒருவருக்கு வலது மேல்பகுதியில் ஏழு மில்லிமீட்டர் புள்ளி. ஆறு மாதம் பொறுங்கள் என்று நான் எழுதியிருந்தேன். வீட்டில் பொறுக்கவில்லை. ஒரு வருஷத்துக்குள் மூன்று ஊர், ஐந்து ஸ்கேன், ஒரு பயாப்சி. பயாப்சி ஊசியில் நுரையீரலிலிருந்து காற்று கசிந்து, நெஞ்சில் குழாய் போட்டு ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்தார். கடைசியில் பழைய டி.பி. தழும்பு. மனிதர் எட்டுக் கிலோ இளைத்திருந்தார், பயத்தில். இன்னொருவருக்கு நேர்மாறாக நடந்தது. ஒன்பது மில்லிமீட்டர் புள்ளியைக் கண்டு, சளியில் கிருமி எதுவும் இல்லாத நிலையிலும் 'எதற்கும் டி.பி. மாத்திரை கொடுத்துப் பார்ப்போம்' என்று ஆரம்பித்து ஏழு மாதம் ஓடிவிட்டது. என்னிடம் வந்தபோது அது இரண்டரை சென்டிமீட்டர், நிணநீர்க் கணுவுக்கும் போயிருந்தது. இந்த இரண்டாவது வகையை நான் அதிகம் பார்க்கிறேன், அதிகம் வருத்தப்படுவதும் இதற்குத்தான். சளியில் கிருமி உறுதியாகாமல் யாராவது டி.பி. மாத்திரை எழுதினால், 'எதை வைத்துச் சொல்கிறீர்கள்?' என்று மரியாதையோடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கதிர்வீச்சைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், அது இங்கே சின்ன விஷயம். குறைந்த டோஸ் சி.டி.யில் சராசரி ஒன்றரை மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மனிதருக்குச் சும்மாவே ஆண்டுக்கு 2.4 வருகிறது, உலகச் சராசரி. சாதாரண நெஞ்சு சி.டி. என்றால் குறைந்த டோஸைப்போல நாலைந்து மடங்கு போகும். அறுபது வயதைக் கடந்தவருக்கு ஆண்டுக்கு ஒன்றரை எனக்குக் கவலையில்லை. கவலை வேறு இடத்தில்: கவுன்டரில் 'செஸ்ட் சி.டி.' என்று மட்டும் சொன்னால் வழக்கமான டோஸில் எடுத்துவிடுவார்கள், சில இடங்களில் கான்ட்ராஸ்ட் ஊசியும் (படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்து) சேர்த்து. இதற்கு ஊசி வேண்டாம், வெறும் வயிறு வேண்டாம், மூச்சைப் பத்து விநாடி அடக்கினால் முடிந்தது. 'லோ டோஸ், ஸ்கிரீனிங்' என்று டாக்டர் சீட்டில் எழுதி வாங்கிப் போங்கள்.

கொஞ்சம் சந்தேகமான இன்னொரு பகுதி, தேவையில்லாத புற்றுநோயைக் கண்டுபிடிப்பது. மிக மெதுவாக வளரும் சில உண்டு, அந்த மனிதர் வேறு காரணத்தால் காலமாகும்வரை ஒரு தொல்லையும் தராதவை. ஆரம்பக் கணக்கில் சி.டி.யில் பிடிபட்டதில் 18 சதவீதம் வரை இப்படி இருக்கலாம் என்றார்கள். அதே ஆட்களை இன்னும் பல வருஷம் தொடர்ந்து பார்த்தபோது அது மூன்று சதவீதமாக இறங்கிவிட்டது. ஆனால் இது அதிகம் புகைத்தவர்களுக்கு. புகைக்காதவர்களிடம் தேடினால் கதை மாறும் போலிருக்கிறது. தைவானில் புகைக்காத, ஆனால் குடும்பத்தில் நோய் வந்தது போன்ற காரணங்கள் உள்ள 12,011 பேருக்கு ஸ்கேன் எடுத்ததில் 2.6 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் தெரிந்தது, பெரும்பாலும் முதல் கட்டம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே நாட்டில் 2004-லிருந்து 2018-க்குள் பெண்களிடம் ஆரம்பக் கட்ட நோய் ஆறு மடங்கு கூடியும் முற்றிய நோய் அதற்கேற்பக் குறையவில்லை. உயிரைக் காப்பாற்றியிருந்தால் முற்றியது குறைந்திருக்க வேண்டும் அல்லவா? அதனால், விறகடுப்புப் புகையில் நாற்பது வருஷம் நின்ற அம்மாவுக்கும் எடுக்கலாமா என்று யாராவது கேட்டால், அந்தப் புகை கெடுதல் என்பது உறுதி, அவருக்கு ஸ்கேன் பலன் தரும் என்பதற்கு இன்றைக்கு ஆதாரம் இல்லை என்றுதான் சொல்வேன்.

சரி, என் அப்பாவாக இருந்தால்? எடுப்பேன். ஆனால் நேரே ஸ்கேன் சென்டருக்குப் போகமாட்டேன், முதலில் நுரையீரல் டாக்டரிடம் போவேன். ஊதும் பரிசோதனை செய்து, ஒருவேளை ஆபரேஷன் தேவைப்பட்டால் தாங்கும் நுரையீரலும் இதயமும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்வேன். தாங்காது என்றால் தேடுவதில் பொருள் குறைவு. அப்புறம், இது ஒரு தடவை எடுத்து முடிக்கும் சமாச்சாரம் இல்லை. வருஷா வருஷம் போகவேண்டும், நடுவில் 'ஆறு மாதம் பொறுங்கள்' என்றால் வீடு முழுக்கப் பொறுக்கவேண்டும். அந்தப் பொறுமை உங்கள் வீட்டில் உண்டா என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். இன்னொன்றும் கவனித்தேன். கேள்வியில் அத்தை என்ன நினைக்கிறார் என்று இருக்கிறது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று இருக்கிறது, அப்பா என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை. அவரிடம் கேளுங்கள். 'எதாவது இருந்தால் ஆபரேஷனுக்கு வருவீர்களா?' என்றே கேளுங்கள். மாட்டேன் என்றால் ஸ்கேனை விட்டுவிடலாம், அதில் தப்பு ஒன்றும் இல்லை.

அவர் பீடியை விட்டதை யாரும் பெரிதாகப் பேசியிருக்க மாட்டார்கள். அந்த அமெரிக்க ஆய்வில் இருந்தவர்களைப் பின்னால் அலசியபோது, ஏழு வருஷம் புகைக்காமல் இருந்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் மரணம் இருபது சதவீதம் குறைந்திருந்தது. சி.டி. தந்த பலனும் அதே அளவுதான். உங்கள் அப்பா ஆறு வருஷம் கடந்துவிட்டார். இதை அவரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

இவ்வளவும் தொந்தரவு இல்லாதவருக்கு. மூன்று வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை இறக்கம், குரல் கம்மிப்போவது, இதில் ஒன்று வந்தாலும் மேலே சொன்ன ஸ்கிரீனிங் பேச்சையெல்லாம் ஓரம்கட்டிவிட்டு நேரே டாக்டரிடம் போங்கள். சளிப் பரிசோதனை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

கடைசியாக ஒரு வேலை, காசு செலவில்லாதது. கொரோனா சமயத்தில் 2020, 21-ல் கண்டவர்களுக்கெல்லாம் நெஞ்சு ஸ்கேன் எடுத்தார்களே, அப்பாவுக்கும் எடுத்திருந்தால் பீரோவில் தேடிப் பாருங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, கூடவே தந்த வட்டத்தட்டு (கம்ப்யூட்டரில் போடும் டிஸ்க்) வேண்டும், அதில்தான் முழுப் படமும் இருக்கும். இப்போது ஒரு புள்ளி தெரிந்து, அது அன்றைக்கும் அதே இடத்தில் அதே அளவில் இருந்தது என்றால், பெரும்பாலும் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.